மூன்று நாள் மூத்தவன்

ஜனவரி 8, புதன்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். காரணம் ஆன்மிகம் அல்ல. கணினி ஆராய்ச்சிக்கு மத்திய அரசு நிதி கொடுக்கப்போகிறதாம். மனுப் போடுகிறவர் 'அன்றாட ஆய்வுப் பதிவேடு' ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று விதிமுறையின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. நாற்பத்திரண்டு பக்கத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே வரி அதுதான் என்பதால் உடனே நிறைவேற்றிவிட்டேன். நோட்டு, மகளுடைய பழைய வேதியியல் ரெக்கார்டு. முதல் நாலு பக்கத்தில் பிப்பெட் படம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பொருத்தம்தான்.

படிக்கப்போகும் அதிகாரிக்காக: நான் முனைவர் கோமதிநாயகம். தூத்துக்குடியில் ஓர் அரசுக் கலைக்கல்லூரியில் கணினித் துறைத் தலைவர். என் ஆய்வேட்டை இதுவரை மூன்று பேர் படித்திருக்கிறார்கள், அதில் ஒருவர் தட்டச்சு செய்தவர். கல்லூரியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆகாசவாணி'. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தத் துறையில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். இதைத் தகுதிப் பட்டியலில் எழுத இடம் இல்லை.

விதிமுறையை அச்செடுத்து வந்தவன் ரெமிஜியுஸ் மோத்தா. எம்.எஸ்ஸி. காலத்திலிருந்து என் கூட்டாளி. இப்போது என் துறையிலேயே கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும் நிரந்தரம், வேலை வருஷா வருஷம். பதினாறு வருஷமாக அப்படித்தான். நானும் அவனும் ஒரே தேர்வு எழுதினோம், ஒரே மதிப்பெண். அப்படி வந்தால் வயதில் மூத்தவருக்கு வேலை. நான் ஜூன் ஒன்று, அவன் ஜூன் நாலு. மூன்று நாள் மூத்தவன். சட்டப்படி.

"ஏலே கோமதி, இது நமக்காவே போட்ட மாரி இருக்கு. ஊர்ப் பேச்சப் புரிஞ்சுக்கிடுத மெஷினுக்குத் துட்டு குடுக்கானுவோ" என்றான்.

"நம்ம ஊர்ப் பேச்சு நமக்கே புரியாதேடா."

"அதான் ஆராய்ச்சி."

எனக்கு அப்போதே உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. எங்கள் கல்லூரி வரலாற்றில் இதுவரை யாருக்கும் ஆராய்ச்சி நிதி வந்ததில்லை. விலங்கியல் துறைத் தலைவரின் முகம் அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதை இன்றே கற்பனை செய்து பார்த்துவிட்டேன். அதற்காகத்தான் போடுகிறேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 11, சனி

ரெமியும் அவன் மனைவி ஜெசிந்தாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஜெசிந்தா சொல்லித்தான் தெரிந்தது: மஸ்கட்டில் இருக்கும் மச்சான் ரெமிக்கு ஒரு பெரிய கடையின் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை பார்த்துவைத்திருக்கிறானாம். ஜூன் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அங்க இவுக என்ன செய்யணும்?" என்று என் மனைவி உலகம்மாள் கேட்டாள்.

"தக்காளி டப்பாவ எண்ணணும்" என்றான் ரெமி. சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

மனுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு 'திட்ட விஞ்ஞானி' பதவி உண்டு. முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்பதால் அது நான். திட்ட விஞ்ஞானி ரெமி. அதாவது வேலை செய்பவன் அவன், பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடுபவன் நான். அரசாங்கத்தில் இதற்குப் பெயர் கூட்டு முயற்சி.

பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டேன். அவன் பங்குக் கோவிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றை நீட்டினான். ஜூன் நாலு, காலை ஆறு பத்துக்குப் பிறப்பு. பதினைந்தாம் நாள் ஞானஸ்நானம். சாமியார் கையெழுத்து, ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் இருந்தது. எவ்வளவு துல்லியம்! எனக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். கார்த்திகையில் உலகம்மாள் அர்ச்சனை செய்வாள், ஜூனில் வங்கி வாழ்த்து அனுப்பும். அது இருக்கட்டும்.

ஜனவரி 17, வெள்ளி

முதல்வர் தங்கபுஷ்பம் அம்மாவிடம் ஒப்புதல் வாங்கப் போனோம்.

"இதுல ஏசி வருமா மிஸ்டர் கோமதிநாயகம்?"

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணு கேக்கலாம் மேடம்."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர என் ரூம்ல வச்சுட்டா என்ன?"

நான் 'பரிசீலிக்கலாம்' என்றேன். ரெமி ஜன்னல் வழியாகக் கடலைத் தேடினான். அங்கிருந்து கடல் தெரியாது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி மிட்டாய் தின்ற கையோடு உப்பளத்துக்குப் போனோம். மனுவோடு மாதிரிப் பதிவும் காட்ட வேண்டும். மழை எச்சரிக்கை, நலத்திட்டம் எதற்குப் போன் செய்தாலும் இயந்திரக் குரல்தான் எடுக்கிறது. உப்பளத்துப் பெண்கள் பேசுவது அதற்கு விளங்குவதில்லை. விளங்கவைப்பதுதான் எங்கள் திட்டம்.

'கெவர்மெண்டு ரெக்கார்டிங்' என்று ரெமி வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். இருபது பேரும் போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, நல்ல சேலை மாற்றி வந்தார்கள். தலைவி பேச்சித்தாய். ஐந்து நிமிஷம் முன்புவரை உப்பு வாருகிற பலகையைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணியைக் கிழித்துத் தொங்கப் போட்டவள், மைக்கைப் பார்த்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் உப்பளத்திலே மழையானது வருகை தந்த காரணத்தினாலே உப்பானது கரைந்து போயிற்று என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கின்றேன்."

இருபது பேரும் அப்படியே. செய்தி வாசிப்பவர்கள் இருபது பேர் வெயிலில் உப்பு அள்ளுவது போல இருந்தது. நானும் விடவில்லை. "தங்கள் பெயரைக் கூறுங்கள்" என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் யாரையும் 'கூறுங்கள்' என்றதில்லை.

ஒரு நாள் வேலை பாழ்.

ஜனவரி 27, திங்கள்

பாழ் இல்லை! பாழ் இல்லவே இல்லை!

ரெமி காலையில் துறைக்குள் ஓடி வந்தான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை. பதிவுக் கருவியை நிறுத்த மறந்திருக்கிறான். பதிவு முடிந்து எல்லாரும் டீ குடித்த முக்கால் மணி நேரம் முழுக்க அதில் இருக்கிறது. கங்காணியின் இரண்டாம் கல்யாணத்தைப் பற்றி நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அசல் பேச்சு ஆறாகப் போயிருக்கிறது.

"ஏலே, உன் வாயி இருக்கே, அது ஆராய்ச்சிக் கருவிலே!" என்றான்.

முப்பது வருஷமாக என் மனைவி குறையாகச் சொன்ன ஒன்று, இன்று முதல் ஆய்வுமுறை. மனுவில் 'இயல்பான உரையாடல் தூண்டல்' என்று எழுதினோம். வம்பு என்றால் நிதி தரமாட்டார்கள்.

பேசியவர்களுக்குத் தெரியாமல் எடுத்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ரெமி பிடிவாதமாகச் சொன்னான். திரும்பிப் போய், போட்டுக் காட்டி, சம்மதக் கையெழுத்து வாங்கினோம். பேச்சித்தாய் தன் குரலைக் கேட்டுவிட்டு, "இதுதான் வேணும்னா மொதல்லயே சொல்ல வேண்டியதான சாரு? பவுடர் வீணு" என்றாள். நானும் என் குரலுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன், நாளைக்கு என் மேலேயே நான் வழக்குப் போட்டுவிடாமல் இருக்க.

பிப்ரவரி 2, ஞாயிறு

உப்பளம். மொத்தம் பதினோரு பதிவு. மைக்கைத் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது, சம்மதம் கேட்பது, பிறகு அதை மறந்துவிடுவது. இதுதான் முறை. ரெமி வேறு பாத்திக்குப் பதிவு எடுக்கப் போயிருந்தான். பேச்சித்தாயிடம் முதல்வர் அம்மாவின் தலைச்சாயம் ஒப்புதல் கோப்பில் ஒட்டிய கதையைச் சொன்னேன். அப்புறம் அவள் ஏதோ கேட்கப்போய் இன்னொரு பழைய கதையும் சொன்னேன். என்ன கதை என்பது இந்த நோட்டுக்குக்கூட அவசியமில்லை.

வெயில் அதிகம். வாய் அதைவிட அதிகம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரெமி பழக்கிவரும் எங்கள் இயந்திரம், 'வருதாவ' என்றால் 'வருகிறார்கள்' என்று இன்று புரிந்துகொண்டது. நான் பேசுவது உலகம்மாளுக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

பிப்ரவரி 14, வெள்ளி

மனு அனுப்ப மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். இரண்டரைக்குத்தான் தெரிந்தது, ஒப்புதல் கடிதத்தில் வட்ட முத்திரை இல்லை. முத்திரை அலமாரியில். அலமாரிச் சாவி கண்காணிப்பாளரிடம். கண்காணிப்பாளர் ஏரலில், அக்கா மகள் கல்யாண வரவேற்பில்.

ரெமியின் ஸ்கூட்டரில் பறந்தோம். கண்காணிப்பாளர் பந்தியில் இருந்தார். சாப்பிடும் கையால் சாவியைத் தொட மாட்டேன் என்றார். பாயசம் வரும்வரை நின்றோம். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். ரெமி என் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திராவிட்டால் நான் உட்கார்ந்திருப்பேன். அப்பளம் நன்றாகத் தெரிந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம். திரையில் 'பெறப்பட்டது' என்று வந்ததும் நானும் அவனும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். காதலர் தினமாம். விலங்கியல் துறை ஜன்னலில் நின்று பார்த்தது.

மார்ச் 20, வியாழன்

தேர்வாகியிருக்கிறோம்! நாட்டில் நானூறு மனுக்களில் முப்பது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி நிபுணர் குழு காணொலியில் கேள்வி கேட்கும். பதினைந்து நிமிஷம். முதல்வர் அம்மா அறையில்தான் பெரிய திரை இருக்கிறது. அவர் புதுச் சேலை எடுக்கிறார் என்று தகவல். என்னிடமிருந்து தகவல் எப்போது தவறியிருக்கிறது?

ஏப்ரல் 8, செவ்வாய்

ரெமி நாளைக்கு ஓட்டிக் காட்ட 'பேச்சித்தாய் 7' என்ற ஒலித்துண்டை வைத்திருக்கிறான். பேச்சு ஓட ஓட, இயந்திரம் அதைத் திரையில் எழுதிக்கொண்டே போகும். முப்பது விநாடி போதும் என்றான்.

அவன் போன பிறகு எனக்கு நினைவு வந்தது. ஏழாவதில்தானே அந்தத் தலைச்சாயக் கதை! முதல்வர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்! ரெமியிடம் சொன்னால் சிரிப்பான். நானே அதை எடுத்துவிட்டு ஒன்பதாவதைப் போட்டேன். போடுமுன் முப்பது விநாடி கேட்டும் பார்த்தேன். மழை, பாத்தி, உப்பு. பத்தரை மாற்றுத் தங்கம்.

பொறுப்புள்ள முதன்மை ஆய்வாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

எழுதத்தான் வேண்டும். பதிவேடு அல்லவா.

குழுவில் ஆறு பேர். ஒரே ஒரு தமிழர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியை. நான் ஐந்து நிமிஷம் பேசினேன். எனக்கே பிடித்திருந்தது. நுட்பமான கேள்விகளை ரெமிக்குத் தள்ளினேன். அவன் பதில் சொன்ன விதத்தில் ஒரு நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் ஒலித்துண்டு. பேச்சித்தாயின் குரல் அறையை நிறைத்தது. திரையில் எழுத்து ஓடியது:

"மழ ரெண்டு தூத்தல் போட்டாப் போதும் சாரு, பாத்தி கெட்டுப்போயிரும். பத்து நாள் பாடு ஒண்ணுமில்லாமப் போயிரும்."

ஒரு பிழை இல்லை! முப்பது விநாடி. ரெமி நிறுத்தப் போனான். அந்தப் பேராசிரியை கையை உயர்த்தி, "நிறுத்தாதீங்க, இன்னுங் கொஞ்சம் ஓட்டுங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

ஓடியது.

"ஒமக்கு என்ன சாரு, கெவர்மெண்டு வேல. மழ பேஞ்சாலும் சம்பளம், வெயிலடிச்சாலும் சம்பளம்."

அடுத்தது என் குரல்.

"அந்த வேலயே என்னுது இல்ல பேச்சித்தாயி. எங்க ரெமிக்குப் போவ வேண்டியது. ஒரே மார்க்கு. எனக்கு ஜூன் ஒண்ணு, அவனுக்கு நாலு. மூத்தவன்னு எனக்குக் குடுத்துட்டாவ. ஆனா நான் பொறந்தது கார்த்திக மழையில. அவனுக்கு அஞ்சு மாசம் எளையவன். பள்ளிக்கூடத்துல சேக்கையில வயசு பத்தல. ஹெட்மாஸ்டரு தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொடச் சொன்னாரு. எனக்குக் கை நீளம், தொட்டுட்டேன். ஜூன் ஒண்ணுன்னு எழுதிப்புட்டாரு. அந்தக் கையாலதான் பதினாறு வருசமாக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குதேன்."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்ல வேண்டியதான?"

"எப்பிடிச் சொல்ல?"

அதோடு துண்டு முடிந்தது. என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் பரப்பாத ஒரே வம்பு, மிகத் தெளிவான எழுத்தில், என் பெயரோடு, ஐம்பது அங்குலத் திரையில் நின்றது. முதல்வர் அம்மா புதுச் சேலையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் மற்ற ஐந்து பேரும் அந்த அம்மாளிடம் 'என்ன, என்ன' என்று கேட்க, அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். ஆக, இந்தியா முழுக்கத் தெரிந்தாயிற்று.

நான் ரெமியைப் பார்க்கவில்லை. மேஜையின் மேல் முதல்வர் அம்மாவின் கண்ணாடிப் பேப்பர்வெயிட் ஒன்று, உள்ளே மயில். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதானுங்களா அந்த ரெமி?" என்றார் பேராசிரியை.

"ஆமா மேடம்." எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். "கார்த்திகங்கிறத 'கீர்த்திக'ன்னு எழுதிருக்கு, கடைசில ஒரு சொல்லு விட்டுப்போயிருக்கு. மத்தது எல்லாம் சரி. ஒருத்தர் தயங்கித் தயங்கிப் பேசுனாலும் மெஷின் பிடிச்சிருது, பாருங்க. அதான் இந்த ஆராய்ச்சில கஷ்டமான எடம்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி.

திரை அணைந்த பிறகு இருவரும் டீக்கடைவரை நடந்தோம். அவன் இரண்டு டீ சொன்னான். டீ வந்தது. ஆறியது. "ரெமி" என்றேன். அதற்குமேல் ஆகாசவாணியில் ஒலிபரப்பு இல்லை.

"ஏலே," என்றான், "எம் பொறந்தநாளும் பொய்தான். எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டரு மூணு நாள் லீவு. நாலாந்தேதிதான் வந்தாரு. சேத்த அன்னிக்கே பொறந்தநாளும் போட்டுட்டாரு. அவரு லீவு போடாம இருந்தா எனக்கும் ஒண்ணாந்தேதிதான்."

"அப்ப நீ எப்பப் பொறந்த?"

"யாருக்குத் தெரியும்? டீயக் குடி."

நான் நம்பினேன். முழுசாக நம்பினேன். இரண்டு டீ குடித்தேன், ஒரு பஜ்ஜியும் தின்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதச் சொல்லவா பதினாறு வருசம்? ஊர்ல எவ வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் அன்னிக்கே சொல்லிருவீங்களே" என்றாள். பிறகு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் வேறு என்னவோ பேசினாள்.

மே 29, வியாழன்

வந்துவிட்டது! வந்துவிட்டது! வந்துவிட்டது!

மூன்று வருஷம். கேட்டதில் ஏசி மட்டும் இல்லை. குழுவின் குறிப்பில் ஒரு வரி: 'இயல்பான உரையாடலைப் பெறும் முறையில் முதன்மை ஆய்வாளரின் பங்கு தனித்தன்மை வாய்ந்தது.' இதைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். அதற்கு அடுத்த வரி: 'திட்ட விஞ்ஞானி ஆர். மோத்தா, இணை ஆய்வாளராகவும் பெயர் குறிக்கப்பட வேண்டும்.' நாங்கள் கேட்காதது. கோயம்புத்தூர் அம்மா நீடூழி வாழ்க.

ரெமி மஸ்கட்டுக்குப் போன் செய்தான். "மச்சான், தக்காளிய நீயே எண்ணிக்கோ" என்றான். பின்னால் ஜெசிந்தா சிரிப்பது எனக்கே கேட்டது.

உப்பளத்துக்குப் போய்ச் சொன்னோம். பேச்சித்தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சொல்லிட்டீரா?" என்றாள். "மெஷின் சொல்லிருச்சு" என்றேன். "நல்ல மெஷினு" என்றாள்.

விலங்கியல் துறைத் தலைவரின் முகத்தைப் போய்ப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ரெமி இன்று பணியில் சேர்ந்தான். வருஷா வருஷம் ஜூன் நாலாம் தேதி அவன் துறைக்கு மக்ரூன் வாங்கி வருவான். இன்றும் வந்தது, பெரிய டப்பா.

அலுவலகத்தில் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்டார்கள். ரெமி என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தனுப்பினான். வாயை நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

"இத ஜனவரில உறை இல்லாமத்தான குடுத்த?" என்றேன்.

"இப்பக் காத்தடிக்கி" என்றான்.

மாடிப்படி இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் பிரித்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாசலில் ஓர் ஆடு சைக்கிள் சீட்டைத் தின்றுகொண்டிருந்தது. முக்கியமான விஷயம், கடைசிவரை பார்த்தேன்.

"நேரம்லாம் போட்டிருக்கு சார்," என்றார் எழுத்தர். "காலைல ஆறு..."

"பதிஞ்சுக்கோங்க" என்றேன்.

திரும்பி மேலே வந்தேன். ரெமி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் இன்னும் எடுக்கவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

"எடுலே," என்றான். "நீதான மூத்தவன்."

எடுத்துக்கொண்டேன். வாயில் மக்ரூன் இருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை.